வினாவுக்கும் வெள்ளோட்டம் வேண்டும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



புதிதாகத் தேர் செய்த ஊரில், திருவிழாவன்று எடுத்த எடுப்பிலேயே சுவாமியை எழுந்தருளச் செய்து வடம் பிடிப்பதில்லை. முதலில் வெள்ளோட்டம் விடுகிறோம். அச்சு பாரம் தாங்குமா, சக்கரம் சீராக உருளுமா, தெருமுனையில் தேர் திரும்புமா என்று பார்க்கிறோம். குறை கண்டால் தச்சரையும் கொல்லரையும் அழைத்துச் செப்பனிடுகிறோம். அதன் பின்னரே உற்சவம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு வெள்ளோட்டத்தைப் பற்றியதே. பள்ளிப் பிள்ளைகளுக்காக நடைபெறும் ஒரு திட்டம் உரிய பயனைத் தருகிறதா என்பதை அப்பிள்ளைகளையே கேட்டறிய விரும்பினால், வினாக்களை எவ்வாறு அமைப்பது, அவற்றை எவ்வாறு முன்கூட்டியே சோதித்துத் திருத்துவது என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். "இது கல்வி இலாகாவின் வேலையன்றோ? பஞ்சாயத்துக்கு இதில் என்ன பங்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆகவே முதலில் அதனைக் கூறிவிட்டு மேலே செல்வோம்.

மதிப்பீடும் பஞ்சாயத்தும்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், நாட்டின் 55 இடங்களில் சமுதாய நலத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டிலேயே திட்டக் கமிஷன், திட்ட மதிப்பீட்டு நிறுவனம் என்ற ஒன்றையும் ஏற்படுத்திற்று. திட்டத்தை நடத்துவோர் ஒரு சாரார். அது நடந்த விதத்தை ஆராய்வோர் மற்றொரு சாரார். இத்தனை கிணறு வெட்டினோம், இத்தனை கல் சாலை போட்டோம் என்ற கணக்கு மட்டும் போதாது, அவற்றால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதும் தெரியவேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

அவ்வாறு ஆராய்ந்தபோது, மக்கள் இத்திட்டத்தைத் தம்முடையது என்று கொள்ளாமல் சர்க்காருடையது என்றே கருதுகின்றனர் என்ற குறை வெளிப்பட்டது. 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, கிராமம் முதல் மாவட்டம் வரை மூன்று அடுக்குகளில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனவே, செய்த வேலையை அளந்து பார்க்கும் பழக்கத்திற்கும் இன்றைய பஞ்சாயத்து அமைப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த மதிப்பீட்டு நிறுவனம் 2015-இல் நிதி ஆயோக்கின் மதிப்பீட்டு அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் மதிப்பீடு என்பது தில்லியில் மட்டும் செய்யத்தக்க காரியம் அன்று.

மேலும், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சி மன்றத்தின் பிரதிநிதியும் அதில் இடம்பெறுகிறார். பள்ளியின் நடைமுறையைக் கவனிப்பது அக்குழுவின் கடமை. ஆதலால் பிள்ளைகளைக் கேட்டறிவது பஞ்சாயத்தின் வேலையும் ஆகும்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உணவிடும் வழக்கம் பழமையானது. 1956-இல் காமராசர் காலத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது; 1982-இல் எம். ஜி. ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில், ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை பயிலும் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள் அதில் இருந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும், 2024-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தாய்மார்கள் சமைத்துப் பரிமாறும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இத்தகைய திட்டம் நம் ஊரில் எவ்வாறு நடைபெறுகிறது என்று அறியப் பதிவேடுகள் உண்டு. எத்தனை பிள்ளைகள் வந்தனர், எத்தனை பேர் உண்டனர், ரவையும் பருப்பும் எவ்வளவு செலவாயின என்பவற்றை அவை கூறும். ஆனால் பதிவேடு கூறாதவை பல. தொலைவிலுள்ள தோட்டத்து வீட்டிலிருந்து நடந்து வரும் பிள்ளை, பரிமாறி முடிந்த பிறகு வந்து சேர்கிறதா? தட்டில் வைத்த கிச்சடியை உண்டதா, ஒதுக்கிவிட்டதா? இன்னும் கொஞ்சம் கேட்க அஞ்சி எழுந்து போயிற்றா? எல்லோருடனும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதா, தனியே உட்கார்ந்ததா? இவற்றை அறிந்தவர் ஒருவரே. அவர் அந்தப் பிள்ளை.

அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐம்பத்தைந்து பேர் வயிறார உண்கிறார்கள் என்றால் மகிழ்ச்சியே. ஆனால் எஞ்சிய ஐவர் பசியோடு வகுப்பில் அமர்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவர்களே திட்டம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்கள். அந்த ஐவரின் குரல் நமக்குக் கேட்கவேண்டும். வினாக்களைக் கவனமாக அமைக்கவேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

பிள்ளையின் 'ஆம்'

பெரியவர் ஒருவர் பள்ளிக்குச் சென்று, "பிள்ளைகளே, சாப்பாடு நன்றாக இருக்கிறதா?" என்று உரக்கக் கேட்டால், "நன்றாக இருக்கிறது ஐயா!" என்று ஒரே குரலில் விடை வரும். வந்தவர் மனநிறைவோடு திரும்புவார். அங்கே அவர் அறிந்து வந்தது உணவைப்பற்றி அன்று. பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள் என்பதைத்தான்.

பிள்ளைகள் பொய் சொல்வதாகக் கொள்ளலாகாது. பெரியவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்வதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று நாம்தாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். அன்றியும், பள்ளியில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் எதைக் கேட்டாலும் பிள்ளைக்கு அது பரீட்சைதான். பரீட்சையில் சரியான விடை ஒன்று உண்டென்று நம்பி, அதைத் தேடிக் கேட்பவரின் முகத்தையும் அடுத்த பிள்ளையின் வாயையும் பார்க்கும்.

அளக்கும் கருவி பிழையானால் அளவும் பிழையாகும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நெல் மகசூலைக் கணக்கிட வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏன் இவ்வளவு பெரிய சதுரம்? சிறு சட்டம் ஒன்றை வைத்து அறுத்தால் வேலை எளிதாகுமே! அவ்வாறும் நம் நாட்டில் செய்து பார்த்தனர். சட்டம் சிறியதானால் ஓரத்தில் நிற்கும் பயிர் உள்ளா, வெளியா என்ற ஐயம் மிகுந்து, வெளியே நிற்பதும் உள்ளே சேர்ந்துவிடுகிறது. விளைச்சல் உள்ளதற்கு மேலாகத் தோன்றுகிறது. வயலில் குற்றமில்லை, அறுத்தவர் வஞ்சகரும் அல்லர். கருவியின் அமைப்பே கணக்கை ஏற்றிவிட்டது.

பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிராகும் பரப்பை மதிப்பிட முற்பட்டபோது, மாகாணம் முழுவதையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளவில்லை. 1937-இல் சிறிய அளவில் தொடங்கி, செலவு எவ்வளவு ஆகிறது, பிழை எங்கே நேர்கிறது என்று ஆண்டுதோறும் கற்று, முறையைத் திருத்தி, 1941-இல்தான் மாகாணம் முழுவதற்கும் விரித்தார். சணலுக்கு இத்தனை எச்சரிக்கை வேண்டியிருந்ததென்றால், பிள்ளைகளின் உள்ளத்தை அறிவதற்கு எவ்வளவு வேண்டும்!

வினாக்களை அமைத்தல்

வினாப் பட்டியல் எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றை இனிக் கூறுவோம்.

முதலாவது, ஒவ்வொரு வினாவுக்கும் முன்னால் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளவேண்டும்: "இதற்கு விடை கிடைத்தால் நாம் என்ன செய்வோம்?" தொலைவிலுள்ள பிள்ளைகள் காலந்தாழ்ந்து வருவதால் உணவை இழக்கிறார்கள் என்று தெரிந்தால், பரிமாறும் நேரத்தைப்பற்றித் தலைமையாசிரியரிடம் பேசலாம், அவர்களுக்கென்று எடுத்துவைக்கச் சொல்லலாம். ஆகவே அதைக் கேட்பதில் பொருள் உண்டு. எந்தச் செயலுக்கும் வழிகாட்டாத வினாவை, எவ்வளவு சுவையாயிருந்தாலும், அடித்துவிடவேண்டும். பத்து வினாக்களுக்கு மேற்பட்டால் சிறு பிள்ளைகள் களைத்துவிடுவர்.

இரண்டாவது, ஒரு வினாவில் ஒன்றையே கேட்கவேண்டும். "உணவு சுவையாகவும் போதுமானதாகவும் இருக்கிறதா?" என்று கேட்டால், சுவை உண்டு, அளவு போதாது என்று கருதும் பிள்ளை எவ்வாறு விடை கூறும்?

மூன்றாவது, பொதுப்படக் கேளாமல் ஒரு நாளைக் குறித்துக் கேட்கவேண்டும். "வழக்கமாக", "பெரும்பாலும்", "சென்ற மாதத்தில்" என்பன பெரியவர்களுக்கே இடர்ப்பாடான சொற்கள். "இன்று", "நேற்று" என்றால் பிள்ளைக்கு நினைவிருக்கும்.

நான்காவது, சொற்கள் பிள்ளையின் சொற்களாக இருக்கவேண்டும். "ஊட்டச்சத்து", "திருப்தி", "பயனாளி" என்பன அலுவலகத்துச் சொற்கள். எளிய சொல்லிலும் சிக்கல் உண்டு. சில வீடுகளில் "சாப்பாடு" என்றால் சோறு மட்டுமே. உப்புமா உண்ட பிள்ளையிடம் "காலையில் சாப்பாடு சாப்பிட்டாயா?" என்று கேட்டால், "இல்லை" என்று உண்மையாகவே சொல்லும். நாமோ பிள்ளை பட்டினி கிடந்ததாக எழுதிக்கொள்வோம். எனவே ஊரில் வழங்கும் பேச்சிலேயே வினாவை எழுதி, கேட்போர் அனைவரும் அதே சொற்களில் கேட்கவேண்டும். ஆளுக்கொரு விதமாகக் கேட்டால், ஒருவர் மரக்காலாலும் ஒருவர் படியாலும் அளந்த நெல்லை ஒரே கணக்கில் சேர்த்தது போலாகும்.

ஐந்தாவது, விடைகளைத் தரம் பிரிப்பதில் அளவு வேண்டும். "மிக நன்று, நன்று, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு" என்று ஐந்து படிகள் வைத்தால் சிறு பிள்ளைகள் இரு முனைகளில் ஒன்றையே தொடுவர். முழுத் தட்டு, பாதித் தட்டு, வெறுந்தட்டு என்று மூன்று படங்கள் வரைந்து காட்டினால் எளிது. "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" என்பவற்றுக்கும் இடம் வைக்கவேண்டும். இடமில்லாவிட்டால் பிள்ளை எதையேனும் சொல்லி வைக்கும்.

ஆறாவது, வயதுக்கேற்ற முறை வேண்டும். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளிடம் காகிதத்தைக் கொடுப்பதில் பயனில்லை. ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவதே தக்கது. மூன்று முதல் ஐந்து வகுப்பினருக்கு வினாவை உரக்கப் படித்துக் காட்டவேண்டும். நாட்டின் கிராமப்புறங்களில் 2005 முதல் நடைபெற்றுவரும் அசர் கணக்கெடுப்புகள், மூன்றாம் வகுப்பில் உள்ளோருள் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க இயலாதிருப்பதைக் காட்டியுள்ளன. படிக்க இயலாத பிள்ளை விடுத்த வெற்றிடத்தை, கருத்தில்லாத பிள்ளை என்று நாம் தவறாகக் கொண்டுவிடலாகாது.

ஏழாவது, கேட்பவர் யார் என்பது வினாவைப்போலவே முக்கியமானது. ஆசிரியர் கேட்டால் பிள்ளை அஞ்சும். சமைப்பவர் அத்தையோ பெரியம்மாவோ பக்கத்து வீட்டாரோ ஆக இருப்பார். அவர் காதில் விழக் கேட்டால் பிள்ளை கூசும். எனவே பள்ளியோடும் சமையலோடும் தொடர்பில்லாத, அடுத்த ஊரைச் சேர்ந்த, படித்த இளைஞர் அல்லது இளம்பெண் ஒருவர், எல்லோரும் பார்க்கும்படியான திறந்த இடத்தில், ஆனால் பிறர் காதில் விழாத தொலைவில் அமர்ந்து கேட்பது நன்று. பெற்றோரிடம் முன்னரே கூறி இசைவு பெறவேண்டும். பிள்ளை விடை கூற மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. பெயர் எழுதவேண்டியதில்லை. சிறு பள்ளிகளில் வகுப்பையும் தெருவையும் சேர்த்து எழுதினாலே இன்ன பிள்ளை என்று தெரிந்துவிடும், அதையும் கவனிக்கவேண்டும்.

தொடங்குமுன் பிள்ளையிடம் கூறவேண்டியது இது: "இது பரீட்சை அல்ல. சரியான விடை, தப்பான விடை என்று ஒன்றும் இல்லை. நீ சொல்வதை உன் பெயரோடு யாரிடமும் சொல்லமாட்டோம்."

வெள்ளோட்டம் விடும் முறை

இவ்வளவு கவனத்தோடு எழுதினாலும் வினாப் பட்டியல் வேலைக்குத் தயாராகிவிடவில்லை. விதைநெல் பார்வைக்கு மணிமணியாக இருக்கலாம். ஆயினும் 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் கட்டிவைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்க்கிறோம். சான்றுபெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80-க்குக் குறையாத முளைப்பு வேண்டும் என்பது விதி. அந்த நூறு விதைகளையும் மூட்டையின் மேலிருந்து மட்டும் அள்ளுவதில்லை. மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் எடுக்கிறோம்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதும் அவ்வாறே. நம்முடையதைப் போன்ற பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் போதும். ஆனால் ஆசிரியர் முன்னே நிறுத்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் போதா. ஆணும் பெண்ணும், அருகிலிருந்து வருவோரும் தொலைவிலிருந்து வருவோரும், அடிக்கடி வராதோரும், வாய்பேசக் கூசுவோரும், செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்த வெளிமாநிலத்தார் பிள்ளைகளும், உடற்குறை உடைய பிள்ளைகளும் அதில் இருக்கவேண்டும். பட்டியல் இவர்களிடம் நின்றால்தான் மற்றவரிடம் நிற்கும்.

ஒவ்வொரு வினாவையும் கேட்டு விடை பெற்றபின், மேலும் இரண்டு கேட்கவேண்டும். "நான் உன்னிடம் என்ன கேட்டேன்? உன் வார்த்தையில் சொல் பார்ப்போம்" என்பது ஒன்று. "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்பது மற்றொன்று. நாம் கேட்டதாக நினைத்தது ஒன்று, பிள்ளை விளங்கிக்கொண்டது வேறொன்று என்பது அங்கேதான் வெளிப்படும். உடன் ஒருவர் அமர்ந்து, பிள்ளை எங்கே தயங்கிற்று, எங்கே ஆசிரியர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தது, எந்தச் சொல்லை மறுமுறை கேட்டது, மொத்தம் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளவேண்டும். கால்மணி நேரத்திற்கு மேற்பட்டால் பட்டியலைக் குறைக்கவேண்டும்.

பின்னர் விடைகளைப் பரப்பி வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வினாவுக்கு எல்லோரும் ஒரே விடை கூறியிருந்தால் அந்த வினாவைச் சந்தேகிக்கவேண்டும். உண்மையிலேயே ஒரே நிலையா, அல்லது வினாவே விடையை ஊட்டிவிட்டதா என்று பார்க்கவேண்டும். பலர் "தெரியாது" என்றிருந்தால் வினா பிள்ளையின் அறிவுக்கு எட்டவில்லை. ஒரே பிள்ளை ஓரிடத்தில் முழுவதும் உண்டேன் என்றும், மற்றோரிடத்தில் பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டேன் என்றும் கூறியிருந்தால், இரண்டில் ஒரு வினா தெளிவில்லை.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. அன்று காலை பரிமாறும் வேளையில் நம்மவர் ஒருவர் ஓரமாக நின்று, எந்தப் பிள்ளை உண்டது, எது மிச்சம் வைத்தது என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு மணி நேரம் கழித்து அப்பிள்ளையைக் கேட்கும்போது, கண்டதும் கேட்டதும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம். ஒத்துவந்தால் வினாவை நம்பலாம், வராவிட்டால் திருத்தவேண்டும்.

திருத்திய பட்டியலை வேறு சில பிள்ளைகளிடம் மறுபடியும் சோதிக்கவேண்டும். முன்னர்க் கேட்ட பிள்ளைகளுக்கு விடை பழகியிருக்கும். இறுதியாக, வெள்ளோட்டத்தில் கிடைத்த விடைகளைத் திட்டத்தைப்பற்றிய முடிவோடு சேர்க்கலாகாது. ஈரத்துணியில் முளைத்த விதை, விதையின் தரத்தைச் சொல்லும், விளைச்சலைச் சொல்லாது.

மூன்று வினாக்கள் திருந்தும் விதம்

எடுத்துக்காட்டுக்காக மூன்று வினாக்களைப் பார்ப்போம். "காலையில் வீட்டில் சாப்பிடுவாயா?" என்பது முதல் வினா எனக் கொள்வோம். தேநீரும் ஒரு ரொட்டித் துண்டும் உண்ட பிள்ளை ஆம் என்னும். பழைய சோறு உண்ட பிள்ளை வெட்கப்பட்டு இல்லை என்னும். ஆகவே, "இன்று தூங்கி எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை என்னென்ன சாப்பிட்டாய், என்னென்ன குடித்தாய்?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது நலம். அதைப் பட்டினியா, அரைவயிறா என்று பிரிப்பது பிறகு நாம் செய்யவேண்டிய வேலை.

"பள்ளியில் தரும் காலை உணவு போதுமானதாக உள்ளதா?" என்பது இரண்டாவது. இதற்கு மரியாதையே விடையாக வரும். "இன்று தட்டில் வைத்தது முழுவதும் சாப்பிட்டாயா, பாதியா, கொஞ்சமா? இன்னும் வேண்டும் போல் இருந்ததா? கேட்டாயா? கொடுத்தார்களா?" என்று தனித்தனியாகக் கேட்டால், குறை அளவிலா, கேட்க அஞ்சுவதிலா என்பது தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு.

"காலை உணவால் பாடத்தில் உன் கவனம் கூடியிருக்கிறதா?" என்பது மூன்றாவது. இது பெரியவர்கள் ஆராயவேண்டிய வினா. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றலாகாது. "நேற்று வகுப்பில் இருக்கும்போது பசித்ததா? இடைவேளை மணிக்கு முன்பா, பின்பா?" என்பதே பிள்ளை அறிந்தது. கவனம் கூடிற்றா என்பதற்கு வருகைப் பதிவேட்டையும் ஆசிரியரின் குறிப்பையும் பார்க்கவேண்டும்.

உடன் அமர்ந்து உண்ணும் விஷயத்திலும் இவ்வாறே. "வேற்றுமை காட்டுகிறார்களா?" என்று கேட்டால் பிள்ளை மிரளும். "இன்று உனக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள், அந்தப் பக்கம் யார்?" என்று கேட்டால் இயல்பாகச் சொல்லும். பல பிள்ளைகளின் விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரிசை எவ்வாறு அமைந்தது என்பது நமக்கு விளங்கிவிடும். அப்பெயர்களை விளங்கிக்கொண்டவுடன் அழித்துவிடவேண்டும்.

முன்னும் பின்னும்

திட்டத்தால் நேர்ந்த மாறுதல் எது, வேறு காரணத்தால் நேர்ந்தது எது என்று பிரித்தறிவதற்கு ஒப்புநோக்க ஒன்று வேண்டும். புதிய உரத்தைச் சோதிக்கும்போது பக்கத்துப் பாத்தியை உரமிடாமல் விட்டுவைக்கிறோம் அல்லவா? ஊரில் பரிமாறும் நேரத்தை மாற்றப்போகிறோம் என்றால், மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றிய சில வாரங்களுக்குப் பின் ஒருமுறையும், அதே வினாக்களை அதே சொற்களில் கேட்கவேண்டும். அறுவடைக் காலத்தில் பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவர். அப்போது வீட்டில் உண்பதும் பள்ளிக்கு வருவதும் மாறுபடும். தை மாதத்து விடையையும் ஆடி மாதத்து விடையையும் ஒப்பிட்டுத் திட்டத்தைப் புகழ்வதும் இகழ்வதும் தகாது.

விடைகளை என்ன செய்வது?

கேட்டறிந்ததைப் பெட்டியில் பூட்டிவைக்க ஒருவரும் கேட்பதில்லை. கிராம சபை கூடும் நாட்களில் அதனை எண்ணிக்கையாகப் படிக்கலாம், பெயராகப் படிக்கலாகாது. இருபது பிள்ளைகளைக் கேட்டுவிட்டுச் சதவீதம் கூறுவது பெரிய ஊரின் கணக்கைப்போல் மயக்கும். "இருபது பேரில் மூவர்" என்றே கூறுவோம். மூவர் என்றால் சபையில் உள்ள ஒவ்வொருவர் மனத்திலும் மூன்று முகங்கள் தோன்றும்.

குறை வெளிப்பட்டால் சமைக்கும் தாயின்மீது பாயலாகாது. சாம்பார் நீர்த்திருந்ததாகப் பிள்ளைகள் சொன்னால், பருப்பு உரிய நாளில் வந்து சேர்ந்ததா, விறகா, எரிவாயுவா, பாத்திரம் போதுமா, தண்ணீர்க் குழாய் அருகிலுள்ளதா என்பவற்றை அவரையே அழைத்துக் கேட்கவேண்டும். அவரும் நம் ஊர்த் தாய். பெரும்பாலும் அப்பள்ளியிலேயே அவர் பிள்ளையும் படிக்கும். ஒருமுறை ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்ற செய்தி பரவினால், மறுமுறை எந்தப் பிள்ளையும் உண்மை கூறாது.

மற்றொன்று உண்டு. கேட்ட பிள்ளைகளிடம் திரும்பிச் சென்று, "நீங்கள் சொன்னதனால் இது செய்தோம், இதைச் செய்ய இன்னும் நாளாகும், இதை நம்மால் செய்ய இயலாது" என்று கூறவேண்டும். பத்து வயதில் தான் சொன்ன சொல்லுக்கு ஊர்ப் பெரியவர்கள் மதிப்பளித்தார்கள் என்று கண்ட பிள்ளை, இருபது வயதில் கிராம சபையில் எழுந்து பேசத் தயங்காது. பல்வந்தராய் மேத்தா குழுவினர் விரும்பிய மக்கள் பங்கு அவ்வாறுதான் வளரும்.

செலவைப்பற்றி ஓர் ஐயம் எழலாம். இதற்குத் தேவையானவை சில தாள்கள், இரண்டு இளைஞர்களின் நான்கைந்து நாள் உழைப்பு, பள்ளியின் இசைவு, பெற்றோரின் இசைவு. பெரும் நிதி வேண்டியதில்லை. வேண்டுவது பொறுமை. வினாக்களை எழுதிய மறுநாளே பள்ளிக்கு ஓடாமல், பதினைந்து பிள்ளைகளிடம் காட்டி, அடித்து, திருத்தி, மீண்டும் காட்டும் பொறுமை.

உங்கள் ஊர் திரும்பியதும், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக் கூறுங்கள். முதலில் ஐந்தே வினாக்கள் எழுதுங்கள். "விடை கிடைத்தால் என்ன செய்வோம்?" என்ற சோதனையில் அவற்றுள் எத்தனை தேறுகின்றன என்று பாருங்கள். தேறியவற்றைப் பக்கத்துப் பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள்.